வடக்கு வெளிச்சத்தில் இரண்டு பூச்சிகள்

ஆம்பூர்
14.7.1996

ஹெப்சிக்கு, ரஃபத் ஜஹான் ஸலாம் சொல்லி எழுதுவது.

நீ ஆராய்ச்சி மாணவியாகக் கோயமுத்தூர் போய் ஐந்து மாதம் ஆகிறது. வந்தது ஒரே ஒரு கடிதம், அதுவும் பாதிப் பக்கம். பூச்சிகளுக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குப் பேனா பிடிக்க நேரமிருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலூர்க் கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சில் விலங்கியல் படித்தபோது என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் நீ படம் வரைவாய். அப்பா படுத்த படுக்கையானதும் நான் இரண்டாம் வருடத்தோடு நின்றேன். நீ மேலே மேலே போனாய். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷூ ஃபாக்டரியில் எனக்கு இப்போது ஜோடி மேஜை கொடுத்திருக்கிறார்கள். வெட்டி வரும் தோல் துண்டுகளில் இடது காலும் வலது காலும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். ஒத்துப்போகாததைத் தனித்தனி லாட்டாகப் பிரிக்க வேண்டும். மேஜை வடக்கு ஜன்னல் ஓரம். தோலின் நிஜ நிறம் வடக்கு வெளிச்சத்தில்தான் தெரியும், டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். காலை பதினொரு மணிக்கு மேல் எதிர் ஷெட்டின் தகரக் கூரை வெயிலை அடித்துக் கண் கூசும். அதனால் சிக்கலான சரக்கையெல்லாம் அதற்கு முன்பே பார்த்துவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது கேட் பக்கத்து வெள்ளைச் சுவரில் நிலாப் பூச்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. கல்லூரியில் அமிர்தி அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு நீ கத்தினாயே, அதே பூச்சி. உள்ளங்கையைவிடப் பெரிய இறக்கை, பின்னால் இரண்டு நீள வால். பிஞ்சு முருங்கைக்காயைக் கீறினால் உள்ளே தெரியுமே, அந்தப் பச்சை. காம்பவுண்டுக்குப் பின்னாலிருக்கும் ஒதியமர வேலியிலிருந்து வருகின்றன போலிருக்கிறது. பக்கத்து மேஜை மரியம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "இன்னாக்கா இது, ரிப்பன் கட்டிவுட்ட மாதிரி இருக்குது? இதெல்லாம் நம்ம ஊர்லயா கீது?" என்றாள்.

ஆறு நாளில் பதினொரு பூச்சி பார்த்தேன். வழக்கம்போலப் பிரித்துப் போட்டேன். ஒரு லாட் பெரியது, சுத்தப் பச்சை. இன்னொரு லாட் சிறியது, மஞ்சளடிக்கிறது, வாலில் கொஞ்சம் ரோஸ். இரண்டும் இரண்டு ஜாதி. உன் புத்தகத்தில் எதற்கு என்ன பெயர் என்று எழுது.

ரஃபத்


கோயமுத்தூர்
2.8.1996

என் ரஃபத்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அடி பைத்தியமே, உன் இரண்டு ஜாதியும் ஒரே ஜாதி! பெரிய பச்சை பெண், மஞ்சளடிப்பது ஆண். லேபில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் லேப் உதவியாளர் இன்பராஜ் அண்ணன், "இவங்க ஃபாக்டரில அம்மா ஒரு லாட்டு, அப்பா ஒரு லாட்டா?" என்று கேட்க, அரை மணி நேரம் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

நிறத்தை நம்பாதே, மீசையைப் பார். ஆணுக்கு அகலமான சீப்பு மாதிரி மீசை. பெண்ணுக்கு ஒடுங்கிய சீப்பு. ஆண் அந்த மீசையால்தான் வெகு தூரத்திலிருக்கும் பெண்ணின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. இன்னொன்று தெரியுமா? வளர்ந்த நிலாப் பூச்சிக்குச் சாப்பிடுகிற வாயே இல்லை. புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரம்போல உயிரோடிருக்கும். அந்த ஒரு வாரத்துக்காக இவ்வளவு அழகாகவா உடுத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

நிலாப் பூச்சிக்கு ஆபத்து உண்டா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இமயமலை அடிவாரத்திலிருந்து நம் ஊர்வரை இருக்கிற பூச்சி அது. அழியும் உயிர்களுக்கு உலக அளவில் சிவப்புப் பட்டியல் என்று ஒன்று போடுகிறார்கள். புலி, யானை எல்லாம் அதில் உண்டு. அந்துப்பூச்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றை அதற்காக யாரும் ஆராய்ந்ததே இல்லை. அவற்றுக்கெல்லாம் 'மதிப்பிடப்படாதவை' என்று பெயர். பட்டியலில் இல்லாததை நினைத்து இப்போதைக்குத் தூக்கம் கெட வேண்டாம்.

சுவரில் வேறு என்னவெல்லாம் உட்காருகிறது என்று எழுது. உன் கண் எனக்கு வேண்டும்.

உன் ஹெப்சி


ஆம்பூர்
23.11.1997

ஹெப்சிக்கு,

சிரித்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். படித்துக் காட்டியிருக்க வேண்டாம். நான் உனக்குத்தான் எழுதினேன், உன் லேபுக்கு எழுதவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், கல்யாண வேலை இல்லை.

கல்யாணம் நடந்தது. இவர் பெயர் நயீம் அகமது. ஊரை ஒட்டிய பழைய டேனரியில் குடோன் பார்க்கிறார். அந்த டேனரிக்குப் பின்னால் மூன்று ஏக்கர் ஆவாரங்காடு இருக்கிறது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத்தான் தோல் பதனிட்டார்களாம், அதற்காகவே நட்டது. பிறகு குரோம் உப்பு வந்ததும் பட்டையை உரிக்க ஆளில்லை. செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருக்கிறேன். "புதுப் பொண்ணு பஜாருக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கும், இது புதருக்குள்ள போவுது" என்று இவர் பேஜாராகிறார். ஆனாலும் குடை பிடித்துக்கொண்டு கூடவே வருகிறார்.

அங்கே ஒரு பழுப்பு அந்துப்பூச்சி இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லை, காய்ந்த சருகு. நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். எனக்கு நிலாப் பூச்சியைவிட இதைத்தான் பிடித்திருக்கிறது. இதன் இறக்கையில் எத்தனை பழுப்பு என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஃபாக்டரியில் பழுப்புக்கு மட்டும் எங்களிடம் பதினாறு பெயர் உண்டு, இதற்கு அது போதாது.

அது ஒன்றில்லை, இரண்டு. ஏ லாட், பி லாட் என்று பிரித்திருக்கிறேன். புழுவாக எடுத்து வந்து ஷூ அட்டைப்பெட்டியில் வளர்த்துக் கூடு கட்டவிட்டு, வெளியே வந்து வாழ்ந்து செத்த பிறகுதான் ஊசி குத்தினேன். லாட்டுக்குப் பதினான்கு. எதை வைத்துப் பிரித்தேன் என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் நீ படித்துக் காட்டுவாய். பெட்டியைத் திறந்து நீயே பார். உன் அம்மா வேலூரிலிருந்து உன்னைப் பார்க்க வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஃபாக்டரி வழக்கப்படி பழுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமானது. டேனரிக் கழிவை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யக் குழாய் போடுகிறார்கள். போட வேண்டியதுதான், எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் குழாய் அந்த ஆவாரங்காட்டின் நடுவே போகிறது. நாற்பது அடி தெற்கே வளைத்தால் வெறும் கட்டாந்தரை. வழியில் என்ன மரம், என்ன பூச்சி இருக்கிறது என்று அறிக்கை எழுதப்போவது நீதான் என்று குழாய்க் கமிட்டி ஆபீசில் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெட்டியைத் திற.

ரஃபத் ஜஹான்


கோயமுத்தூர்
19.1.1998

அன்பு ரஃபத்,

கல்யாணத்துக்கு வராததற்கு மன்னிப்பு, ஆயிரம் வேலை. முப்பது நாளில் பதினொரு கிராமம் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நேற்று முன்தினம்தான் அனுப்பினேன். உங்கள் ஆவாரங்காட்டில் எனக்கு ஒரு மத்தியானம்தான் கிடைத்தது, வெயிலில் ஒரு பூச்சியும் இல்லை. அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்ததால் உன்னைப் பார்க்கவும் முடியவில்லை.

பெட்டி வந்தது. பார்த்தேன். ரொம்ப நேர்த்தியாகச் செய்திருக்கிறாய். ஆனால் ரஃபத், மறுபடியும் அதே தப்பு! நிலாப் பூச்சியில் செய்ததையே செய்திருக்கிறாய். ஒன்று ஆண், ஒன்று பெண். நம் பக்கத்தில் வேலிக்காத்தானில்கூட மண்டிக் கிடக்கிற சாதாரணப் பூச்சிதான். அப்படியே இரண்டு இனம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டுமே சிவப்புப் பட்டியலில் இல்லை. 'பட்டியலிடப்பட்ட அரிய இனம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதானே? குழாயை வளைக்கச் சொல்ல என் கையில் காரணம் எதுவும் இல்லை.

விடுதி மாறுகிறேன், சாமான் வைக்க இடமில்லை. பெட்டியை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கூடவே உனக்குப் பிடித்த ஆற்காட்டு மக்கன் பேடாவும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். கல்யாணப் பரிசு என்று நினைத்துக்கொள்.

உன் ஹெப்சி


ஆம்பூர்
8.3.1998

ஹெப்சி அவர்களுக்கு,

உன் அம்மா தேவகிருபை ஆன்ட்டி போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். நல்ல மனுஷி. மக்கன் பேடா கொடுத்தார். பெட்டியும் கொடுத்தார்.

பெட்டியில் நான் ஒட்டிய பழுப்பு டேப் அப்படியே இருக்கிறது. அதன்மேல் போட்ட கையெழுத்தில் ஒரு எழுத்துகூடக் கிழியவில்லை.

'பார்த்தேன்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன். எங்கள் மேஜையில் சரக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ டாக்டர் ஆகப் போகிறாய்.

மதிப்பிடப்படாதது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் குடோனில் பிரிக்காத சரக்கு என்று தனியாக ஒரு மூலை இருக்கிறது. அதில் முதல் தரமும் இருக்கும், கடைசித் தரமும் இருக்கும். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிரிக்காத மூட்டையின்மேல் 'குறை இல்லை' என்று நீ முத்திரை குத்தியிருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை காட்டை வெட்டினார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். மெஷின் ஓட்டுகிறவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நாங்க இன்னாம்மா பண்றது, பெரிய படிப்பு படிச்சவங்களே வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாமே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நாலு புதரிலிருந்து கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். இதுவரை வெளியே வந்ததெல்லாம் ஏ.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ரஃபத் ஜஹான்


கோயமுத்தூர்
17.7.2005

அன்புள்ள ரஃபத்,

இது நான் உனக்கு எழுதும் எட்டாவது கடிதம். முந்திய ஏழுக்கும் பதில் இல்லை. அவற்றில் நான் எழுதியதெல்லாம் மழுப்பல் என்று இப்போது தெரிகிறது. 'தவறு நடந்திருக்கலாம்' என்று எழுதினேன், 'சூழ்நிலை அப்படி' என்று எழுதினேன். இந்தத் தடவை நேராக எழுதுகிறேன். நான் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்ததாகப் பொய் சொன்னேன். நீ மறுபடியும் ஆணையும் பெண்ணையும்தான் பிரித்திருப்பாய் என்று நானாக முடிவுசெய்துவிட்டேன். கல்லூரியைப் பாதியில் விட்டவள், ஷூ ஃபாக்டரிக்காரி, இவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணமும் அடியில் இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஒரு மியூசியத்தில் பழைய பெட்டிகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். உன் ஏ லாட் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் சாதாரணப் பழுப்புப் பூச்சிகள் ஒரு டிராயர் நிறைய இருந்தன. மின்சாரம் போய்விட்டது. டிராயரைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். நாற்பது பூச்சியில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. டியூப் லைட்டில் ஒரு மணி நேரம் பார்த்தும் எனக்குத் தெரியாதது அரை நொடியில் தெரிந்தது. அடியில் மங்கிய சீட்டு: 'வட ஆற்காடு, ஆவாரை'. பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். ஜன்னல் எந்தத் திசை என்று விசாரித்தேன். வடக்கு.

உன் மேஜைதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா? வண்டு அரித்துத் தூளாகியிருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தூளையாவது பார்க்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஹெப்சி


ஆம்பூர்
10.8.2005

ஹெப்சிக்கு,

பெட்டி இருக்கிறது. குடோனில் பச்சைத் தோலை அரிக்கிற வண்டும் செத்த பூச்சியை அரிக்கிற வண்டும் சொந்தக்காரர்கள் என்று நாம் கல்லூரியில் படித்தது உனக்கு ஞாபகமில்லாவிட்டாலும் எனக்கு ஞாபகமிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியை ஒரு பெரிய டப்பாவில் வைத்து, அந்துருண்டையை மாற்றி, டப்பாவை இறுக மூடி வைக்கிறேன். அந்துப்பூச்சியைக் காப்பாற்ற அந்துருண்டை வைக்கிற ஒரே வீடு எங்களுடையதுதான் என்று இவர் கிண்டல் செய்கிறார்.

டேப்பை நானும் பிரிக்கவில்லை. அது உனக்காக ஒட்டியது.

கூரியரில் அனுப்புகிறேன். காலையில் திற, வடக்கு ஜன்னலில் வைத்துத் திற. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ர.ஜ.


கோயமுத்தூர்
4.9.2005

என் ரஃபத்துக்கு,

பெட்டி வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை.

காலை எட்டு மணிக்குப் பிரித்தேன். முதலில் உன் கையெழுத்தை வெட்ட மனம் வரவில்லை. பிளேடால் ஓரத்தைக் கீறி டேப்பை முழுசாக எடுத்து என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மேல் வரிசையில் ஏழு ஜோடி, கீழ் வரிசையில் ஏழு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இடது பக்கம் அகலமான மீசை, வலது பக்கம் ஒடுங்கிய மீசை. ஷூவுக்கு இடது வலது வைப்பதுபோல ஆணையும் பெண்ணையும் வைத்திருக்கிறாய். ஏ-யிலும் ஆண் உண்டு, பெண் உண்டு. பி-யிலும் ஆண் உண்டு, பெண் உண்டு. என் கடிதத்தில் 'மீசையைப் பார்' என்று உனக்கு நான் பாடம் எடுத்தேன். நீ மீசையைப் பார்த்துவிட்டுத்தான் பிரித்திருக்கிறாய். நான்தான் பார்க்கவில்லை.

ஜன்னலில் வைத்ததும் இரண்டு வரிசையும் தனித்தனியாக நின்றன. ஏ-யின் பழுப்பில் சிவப்பு ஓடுகிறது, பி-யின் பழுப்பில் சாம்பல் ஓடுகிறது. ஏ-யின் இறக்கைக் கோடு நேராக இறங்குகிறது. பி-யின் கோடு ஓரத்துக்கு வரும்போது உள்பக்கம் வளைகிறது, பதினான்கிலும் ஒரே இடத்தில். அதற்குப் பக்கத்தில் நீ குத்தி வைத்திருந்த இலைகளைப் பார்த்தபோதுதான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏ-க்குப் பக்கத்தில் ஆவாரை இலையும் வேலிக்காத்தான் இலையும், இரண்டும் கடிபட்டிருக்கின்றன. பி-க்குப் பக்கத்தில் ஆவாரை மட்டும் கடிபட்டிருக்கிறது. வேலிக்காத்தான் இலை ஒரு பல் படாமல் முழுசாக இருக்கிறது. ஷூ அட்டைப்பெட்டியில் நீ நடத்திய சோதனையை எங்கள் துறையில் ஒருவரும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. ஒரு வார்த்தை எழுதாமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய்.

ஒரு நிமிடம் போதும், ரஃபத். அந்தப் பெட்டியைத் திறந்த எவருக்கும் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் என்னிடம் இல்லாமல் போய்விட்டது.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அப்பவே அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டுச்சுடி, ஆன்ட்டி அவ திறந்து பாத்தாளான்னு. நான் தெரியலம்மான்னு சொன்னேன். முகம் சுண்டிப்போச்சு" என்றார்கள். இத்தனை வருஷம் எனக்கு அதைச் சொல்லவே இல்லை.

செய்ததை எழுதுகிறேன். குழாய்க் கமிட்டிக்கு என் பழைய அறிக்கையின் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். குழாய் போட்டு முடித்தாயிற்று, அவர்களுக்கு இனி அது வெறும் காகிதம். ஆனாலும் அந்தக் காகிதத்தில் பொய் இருக்கக் கூடாது. இரண்டு பூச்சிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். முதல் பெயர் உன்னுடையது. பி-க்கு ஏற்கனவே பெயர் உண்டா, இல்லை புதியதா என்று நிபுணர்கள்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்பு நிலை என்ற இடத்தில் இரண்டுக்கும் 'மதிப்பிடப்படாதது' என்ற அதே சொல்லைத்தான் எழுத முடியும். ஆயிரக்கணக்கில் பறப்பதற்கும் அந்தச் சொல்தான், இருக்கிறதா என்றே தெரியாததற்கும் அந்தச் சொல்தான். அதனால் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இதற்கு ஆபத்தில்லை என்று பொருள்கொள்ள வேண்டாம். ஒருமுறை அப்படிப் பொருள்கொண்டதால் மூன்று ஏக்கர் ஆவாரங்காடு போயிற்று.'

உனக்குச் சம்மதம் இருந்தால்தான் அனுப்புவேன். பி இனி இல்லையென்றால் அந்தப் பாவம் என்னுடையது. அதைச் சுமக்க வேண்டியவளும் நான்தான். ஆனால் உன் கண்ணை நினைத்து நினைத்து எனக்கு வியப்பு அடங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹெப்சி


ஆம்பூர்
11.12.2005

ஹெப்சி,

மூன்று மாதம் காக்க வைத்துவிட்டேன் என்று கணக்குப் பார்க்காதே. காரணம் கீழே இருக்கிறது.

முதலில் என் பங்குத் தப்பு. பி வேலிக்காத்தானைத் தொடவில்லை என்று அன்றைக்கே கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் ஒருவேளை நீ திறந்திருப்பாய். நீங்கள் எல்லாரும் சிரித்த கோபத்தில் எழுதவில்லை. பெட்டியே பேசட்டும் என்று வீம்பு பிடித்தேன். பூச்சிக்கு நம் வீம்பு தெரியுமா? எனவே பாவத்தில் பாதி எனக்கும் உண்டு. முழுசாக நீயே எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.

குழாய் வந்ததில் எனக்கு வருத்தமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். வர வேண்டியது வந்தது. நாற்பது அடி வளைந்து வந்திருக்கலாம், அவ்வளவுதான். குழாய்க்கு மேலே வீடு கட்டக் கூடாது, உழக் கூடாது என்று கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத அந்தத் தடத்தில் முதலில் புல் வந்தது. இரண்டாம் வருஷம் ஆவாரை தானாக முளைத்தது. மண்ணுக்குள் கிடந்த பழைய விதையோ என்னவோ.

நான் அங்கே போவதை நிறுத்தவே இல்லை. உனக்குக் கடிதம் எழுதுவதைத்தான் நிறுத்தினேன். ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் கல்லிலிருந்து எட்டாவது கல்வரை நடந்து, ஃபாக்டரி ஃபாரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஏ எப்போதும் உண்டு, மழை வருஷத்தில் ஜாஸ்தி, வெயில் வருஷத்தில் கம்மி. பி என்ற இடத்தில் ஏழு வருஷமும் பூஜ்யம். போன வருஷம் இவர், "விட்டுடேன், அதுதான் போயிட்டுதே" என்றார். "நான் பார்க்கலைன்னா அது போயிட்டுதா இருக்குதான்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். மறுவாரமும் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

உன் கடிதம் வந்த பிறகு எனக்குச் சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷ மழையைப் பேப்பரில் பார்த்திருப்பாய். தடம் முழுக்க ஆவாரை தழைத்துக் கிடக்கிறது. நவம்பர் ஆரம்பத்தில் புழு பார்த்தேன். நம்பவில்லை. இரண்டு இலையும் வைத்துப் பார்த்தேன். வேலிக்காத்தானைத் தொடவில்லை. அப்போதும் நம்பவில்லை. மறுபடியும் தப்பாகப் பிரித்து மறுபடியும் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்று காத்திருந்தேன்.

இன்றைக்குக் காலையில் ஒன்று வெளியே வந்தது. அரை மணி நேரம் இறக்கையை உலர்த்தியது. கோடு ஓரத்தில் உள்பக்கம் வளைவதை வடக்கு ஜன்னலில் வைத்து நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார், கூப்பிட்டனுப்பி மரியம்மாளும் பார்த்தாள். "இன்னாக்கா, இந்தச் சருகுக்கா ஏழு வருஷம் அலைஞ்ச? எனக்கு அந்த ரிப்பன் பூச்சிதான் புடிக்குது" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபாரத்தை எடுத்தேன்.

இந்தத் தடவை ஊசி குத்தவில்லை. சாயங்காலம் கொண்டுபோய் எடுத்த செடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஃபாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

லாட்: பி
எடுத்த இடம்: குழாய்த் தடம், நாலாவது கல்லுக்கும் ஐந்தாவது கல்லுக்கும் நடுவே
எண்ணிக்கை: கூடு ஒன்பது. வெளியே வந்தது ஒன்று, பெண்
நிறம்: பழுப்பு, சாம்பல் ஓட்டம்
இடது வலது: பொருத்தம்
குறை: இல்லை
பார்த்தவர்: ரஃபத் ஜஹான்
சரிபார்த்தவர்:

கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் எங்கள் ஃபாக்டரியில் எந்த ஃபாரமும் செல்லாது. இன்னும் எட்டுக் கூடு ஷூ பெட்டியில் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடும். உன் கட்டுரையை அதற்குப் பிறகு அனுப்பலாம்.

காலையில் ஆம்பூர் வந்து சேருகிற ரயிலாகப் பார்த்து ஏறு. பதினொரு மணிக்கு மேல் இங்கே வெளிச்சம் சரியிருக்காது.

ரஃபத்